காட்டை மூழ்கடித்துத்தான் நம் குடம் நிரம்ப வேண்டுமா?

விடியற்காலை நான்கு மணிக்கு மும்பை மாநகரில் யார் விழித்திருக்கிறார்கள்? அமைச்சர் உறங்குகிறார். ஆணையர் உறங்குகிறார். ஒப்பந்தக்காரர் உறங்குகிறார். விழித்திருப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், ஆண்டாப் ஹில்லிலும், சீத்தா கேம்பிலும், மால்வணியிலும் குடமும் டிரம்மும் ரப்பர் குழாயும் வைத்துக்கொண்டு, குழாயில் காற்று போய்த் தண்ணீர் வரும் அந்த ஓசைக்காகக் காத்திருக்கிறார்கள். வந்தால் அன்றைய பாடு நடக்கும். வராவிட்டால் ஒரு நாள் கூலி போகும். பிள்ளை பள்ளிக்குப் போகாது. கேன் தண்ணீர்க்காரனுக்குக் கைக்காசு அழ வேண்டும்.

இந்தக் காட்சியைக் காட்டித்தான் இந்நகரில் ஒவ்வொரு பெரிய குடிநீர்த் திட்டமும் அறிவிக்கப்படுகிறது. "ஏழைக்குத் தண்ணீர் வேண்டாமா?" என்று கேட்டு அணைக்குக் கையெழுத்து வாங்குகிறார்கள். "அணை கட்டினால் காடு அழியுமே" என்று சிலர் எழுந்தால், "உங்களுக்கு மரம் பெரிதா, மனிதன் பெரிதா?" என்று நம்மை முன்னே நிறுத்தி அவர்களை அடக்குகிறார்கள். இந்த வழக்கில் நாம் சாட்சிக் கூண்டில் நிறுத்தப்படுகிறோம். ஆனால் நம்மை யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியதைச் சொல்வது இந்த இதழின் கடமை.

நூறு மைல் தூரத்து நீர்

நாம் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பது நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது. ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது. விகார் 1860இல் முடிந்தது. துளசி 1879இல். தான்சா 1892இல். விடுதலைக்குப் பின் 1957இல் கீழ் வைதரணையில் மோடக் சாகர், 1973இல் மேல் வைதரணை, 1980களில் பாத்ஸா, கடைசியாக 2014இல், 102 மீட்டர் உயரத்தில் நடு வைதரணை. துளசியும் விகாரும் மட்டுமே நகரின் எல்லைக்குள், போரிவலி தேசியப் பூங்காக் காட்டுக்குள் இருக்கின்றன. மற்றவை தாணே, பால்கர், நாசிக் மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் இருக்கின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தான்சா, வைதரணை நீர் உயரத்திலிருந்து தாழ்வுக்குத் தானாகவே ஓடி வருகிறது. இறைக்கும் செலவு இல்லை. பாத்ஸா நீரைப் பிசே, பாஞ்சராபூர் நிலையங்களில் பெரும் இயந்திரங்கள் வைத்து மேலேற்ற வேண்டும். நாள்தோறும் மின்சாரம் தின்னும். குடிநீர்த் திட்டத்துக்கு ஆகும் செலவு கட்டும் நாளோடு முடிவதில்லை என்பதற்கு இதுவே முதல் பாடம். கட்டும்போது மலிவாகத் தோன்றுவது ஓட்டும்போது கைகடிக்கும். கட்டும்போது கனமாகத் தோன்றுவது நூறாண்டு சோறு போடும். தான்சா நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நமக்கு நீர் தருகிறது.

இரண்டாவது பாடத்தையும் கவனியுங்கள். விகார், துளசி ஏரிகளின் நீர்ப்பிடிப்பைக் காப்பதற்காக அந்தக் காட்டில் ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள். அதனாலேயே அக்காடு இன்றுவரை ஓரளவு தங்கியது. காடு இருப்பதால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு வந்து ஏரியைத் தூர்ப்பதில்லை. நீரும் தெளிவாக வருகிறது. ஆகவே காடும் குடிநீரும் பகையாளிகள் என்பது பொய். காடு என்பது கூலி கேட்காத ஒரு நீர்நிலையம்.

மூன்றாவது பாடம் கசப்பானது. இவ்வளவு அணைகளையும் மடியில் சுமந்துகொண்டிருக்கும் சாகாபூர் வட்டாரத்தில், கோடை வந்தால் சிற்றூர்கள் டேங்கர் லாரிக்காகக் காத்திருக்கின்றன. அணை தெரியும் மேட்டில் நின்றுகொண்டு ஆதிவாசிப் பெண்கள் வற்றிய கிணற்றில் இறங்கிச் சொம்பால் நீர் மொள்கிறார்கள். அவர்கள் ஊர் நீர் அவர்கள் கண்முன்னே குழாயில் ஏறி நம் நகருக்கு வருகிறது. நம் நகரிலோ நம் சந்துக்கு வராமல் வேறெங்கோ போகிறது. அங்கே கொடுத்தவருக்கும் இல்லை. இங்கே யார் பெயரைச் சொல்லி எடுத்தார்களோ அவருக்கும் இல்லை. நடுவில் குடித்தவர் யார்?

அணையா, ஆலையா?

இப்போது மாநகராட்சியின் முன் இரண்டு பெரிய திட்டங்கள் இருக்கின்றன.

ஒன்று, கார்கை அணை. பால்கர் மாவட்டம் வாடா வட்டத்தில், வைதரணையின் துணையாறான கார்கையின் குறுக்கே கட்ட நினைப்பது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் கிடைக்கும். அந்த நீர் சுரங்கவழியே மோடக் சாகருக்கு வந்து, பழைய பாதையிலேயே நகருக்கு இறங்கும். செலவு மூவாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் அது தான்சா வனவிலங்குச் சரணாலயப் பகுதி. லட்சக்கணக்கான மரங்கள் போகும். ஓகதே முதலான ஆறு சிற்றூர்களைத் திட்டம் தொடும். அங்கிருப்போர் பெரும்பாலும் ஆதிவாசிகள்.

மற்றொன்று, மனோரியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. முதலில் நாளொன்றுக்கு 20 கோடி லிட்டர். பின்னர் 40 கோடி லிட்டராக விரிவாக்கலாம் என்பது எண்ணம். 2020இல் அன்றைய மாநில அரசு கார்கையை ஒதுக்கிவைத்து, மரத்தை வெட்ட வேண்டாம், கடல்நீரை எடுப்போம் என்றது. ஆட்சி மாறியபின் கார்கையும் உயிர்பெற்று அனுமதி மேசைகளில் ஏறி இறங்கத் தொடங்கியது, மனோரியும் கைவிடப்படவில்லை. இப்போது இரண்டும் வேண்டும் என்கிறார்கள்.

அணைக்காரர்கள் மலிவு என்கிறார்கள். ஆலைக்காரர்கள் மாசில்லை என்கிறார்கள். இரு கூற்றையும் குழாயடியில் நின்று நாம் உரசிப் பார்க்க வேண்டும்.

ஆலையை எடுத்துக்கொள்வோம். கடல்நீரைச் சவ்வு வழியே பேரழுத்தத்தில் தள்ளி உப்பைப் பிரிக்கும் முறை இது. ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு ஏறத்தாழ மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். 20 கோடி லிட்டருக்கு நாள்தோறும் ஆறு லட்சம் முதல் எட்டு லட்சம் யூனிட்! இந்த மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. மனோரியில் புகை எழாது, உண்மை. ஆனால் வேறெங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் நிழலில் குடியிருக்கும் ஒரு தொழிலாளி அந்தப் புகையை விழுங்குவான். மேலும், ஏறத்தாழ இரண்டரை லிட்டர் கடல்நீர் எடுத்தால் ஒரு லிட்டர்தான் நன்னீர். மிஞ்சுவது இரட்டிப்புக்கு நெருங்கிய உப்போடு கடலுக்கே திரும்பும். அந்தக் கடலோரத்தில் வலைவீசிப் பிழைக்கும் கோலி மீனவருக்கு அதன் விளைவு என்ன என்பதை அவரையே உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. நம் தாயகத்துச் சென்னையில் 2010இல் மீஞ்சூரிலும், 2013இல் நெம்மேலியிலும் இத்தகைய ஆலைகள் வந்தன. 2024இல் நெம்மேலியில் இன்னொன்றும் ஓடத் தொடங்கியது. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுபோக நேர்ந்த நகரம் அது. அந்த வறட்சியில் கடல்நீர் ஆலை கைகொடுத்ததை மறுக்க முடியாது. கரை அரிப்பென்றும் மீன்பாடு குறைந்ததென்றும் நெம்மேலிப் பக்கத்து மீனவர்கள் முறையிட்டதையும் மறைக்க முடியாது. மழையை நம்பாத நீர் என்பது ஆலையின் பலம். விலையும் உப்பும் அதன் பலவீனம். இரண்டையும் சேர்த்துச் சொல்பவனே உண்மை பேசுகிறான்.

மனோரிக்குத் தொடக்கத்தில் பேசப்பட்ட மதிப்பீட்டைப் பாருங்கள். கட்டுவதற்கு 1,600 கோடி ரூபாய். இருபதாண்டு ஓட்டிப் பராமரிக்க 1,920 கோடி. கட்டும் செலவைவிட ஓட்டும் செலவு மிகுதி. அந்தச் செலவு நாளை நம் தண்ணீர்ப் பில்லில் ஏறாது என்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லை.

இனி அணை. ஒருமுறை கட்டினால் தானாக ஓடிவரும் நீர், மின்செலவு குறைவு, விலை மலிவு. சரி. ஆனால் அந்த மலிவு எப்படி வந்தது? மூழ்கும் காட்டுக்கு அவர்கள் கணக்கில் விலை இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்த ஓடையில் மீன்பிடித்து, அந்தக் காட்டில் இலுப்பைப்பூவும் கீரையும் கிழங்கும் பொறுக்கி வாழ்ந்தவனின் வாழ்வுக்கு விலை இல்லை. விலை போடாததை எல்லாம் கழித்துவிட்டு, இது மலிவு என்றால் எப்படி? "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பது நம் ஊர்ப் பழமொழி. அயலான் வீட்டு நெய் எப்போதும் மலிவுதான்.

நம்மில் பெரும்பாலோர் இந்நகருக்கு ஏன் வந்தோம்? திருநெல்வேலிச் சீமையிலும், இராமநாதபுரத்திலும், விழுப்புரம் பக்கத்திலும், சேலத்திலும் மழை பொய்த்து, கிணறு வற்றி, நிலமிருந்தவன் அதை விற்று, இல்லாதவன் கூலியும் கிடைக்காமல் இரயிலேறி வந்தோம். நீர் இல்லாததால் ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். ஓகதேயின் ஆதிவாசி, நீர் இருப்பதால் ஊரைவிட்டுப் போகச் சொல்லப்படுகிறான். ஊரைப் பிரிவது என்றால் என்ன என்று இந்நகரில் நம்மைவிட யாருக்குத் தெரியும்? அந்த மனிதனைக் கிளப்பிவிட்டு அவன் இடத்திலிருந்து வரும் குடம், நம் தலையில் கனக்காதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"உணர்ச்சி பேசாதீர்கள், நகரம் தாகத்தில் இருக்கிறது" என்பார்கள். சரி, கணக்கே பேசுவோம்.

நாள்தோறும் இந்நகருக்குள் வந்து சேர்வது ஏறத்தாழ 390 கோடி லிட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மும்பையில் 1 கோடியே 24 லட்சம் பேர். இன்று கூடியிருக்கும்; தாராளமாக ஒன்றரைக் கோடி என்றே வைப்போம். வகுத்தால் ஆளுக்கு 260 லிட்டர். அதில் கால் பங்கு கசிந்தும் கணக்கில்லாமலும் போகிறது என்று கழித்தாலும் 195 லிட்டர் மிஞ்சும். பதினைந்து லிட்டர்க் குடத்தால் அளந்தால் பதின்மூன்று குடம்!

குடிசைப் பகுதிக்கு ஆளுக்கு 45 லிட்டர், கட்டட வீடுகளுக்கு 135 லிட்டர் என்பதே மாநகராட்சி நெடுங்காலம் கைக்கொண்டுவந்த அளவு. அதாவது நமக்கு மூன்று குடம், அவர்களுக்கு ஒன்பது குடம். அந்த மூன்றுமாவது நம் சந்தில் எல்லோருக்கும் வருகிறதா? வயிறு ஒன்றுதான், வியர்வை நமக்கு அதிகம். ஆனால் குளிக்கும் நீர் மட்டும் மூன்றில் ஒன்று. மருத்துவமனைக்கும் தொழிலுக்கும் இரயிலுக்கும் போவது போகட்டும். அதை நாம் மறுக்கவில்லை. அதன் பின்னும் இந்நகரின் முதற்குறை நீர் போதாமை என்று நாம் ஒப்ப மாட்டோம். பங்கீடு கெட்டதே முதற்குறை.

கால் பங்குக்கு மேல் கணக்கில் வராத நீர் என்று மாநகராட்சியே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. 390 கோடியில் கால் பங்கு 97 கோடி லிட்டருக்கு மேல். கார்கை தருவதாகச் சொல்வது 44 கோடி. அப்படியானால் இந்நகரின் மண்ணுக்கடியில், நூறாண்டுப் பழைய குழாய்களுக்குள், ஏற்கெனவே இரண்டு கார்கைகள் ஒழுகிக்கொண்டிருக்கின்றன. ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு புதுக் கிணறு வெட்டுவதா?

முழுக் கசிவையும் அடைக்க உலகில் எந்த நகராலும் முடியாது என்பதை நாம் அறிவோம். பாதியை அடைத்தாலே ஓர் அணை மிச்சம். குழாய் மாற்றுவதற்குக் காட்டு அனுமதி வேண்டாம். யாரையும் ஊரைவிட்டுத் துரத்த வேண்டாம். ஆனால் அந்த வேலைக்குத் திறப்பு விழா இல்லை, கல்வெட்டில் பெயர் இல்லை. அதனால்தான் அது எப்போதும் பட்டியலின் கடைசியில் கிடக்கிறது.

எச்சரிக்கை: "கசிவு" என்பது நம் பெயராகவும் இருக்கலாம்

இங்கே நம் தோழர்கள் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. "கணக்கில் வராத நீர்" என்பதில் உடைந்த குழாய் மட்டும் இல்லை. அனுமதியில்லா இணைப்பும் அடங்கும். அந்த அனுமதியில்லா இணைப்பில் பாதிப்பேர் யார்? அனுமதி கேட்டும் கிடைக்காத நம்மவர்கள். 1995க்கு முன் வந்தாயா, 2000க்கு முன் வந்தாயா என்று தேதி கேட்டுத் தண்ணீரை மறுத்த காலத்தில், இடைத்தரகனுக்குப் பணம் கொடுத்து நீர் வாங்கியவர்கள். பணமும் கொடுத்து, திருடன் என்ற பெயரும் வாங்கியவர்கள்.

2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், வீடு சட்டப்படியானதா இல்லையா என்பது வேறு, குடிநீர் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது, அதை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவே அதற்கு அடிப்படை. வழக்காடி வென்றது பாணி ஹக் சமிதி என்ற மக்கள் அமைப்பு. அதன்பின் எட்டாண்டு கழித்து 2022இல்தான் மாநகராட்சி "அனைவருக்கும் தண்ணீர்" என்ற கொள்கையை அறிவித்தது. கொள்கை தாளில் இருக்கிறது. விண்ணப்பம் எழுதப் போனால், நில உடைமைத் துறையின் ஒப்புதல் எங்கே, குழுவாகச் சேர்ந்து வந்தீர்களா என்று இன்னும் அலைக்கழிப்பு இருக்கிறது.

ஆகவே "கசிவைத் தடுப்போம்" என்ற பெயரில் முதலில் நம் சந்துக்குக் கடப்பாரையோடு வருவார்களானால், அதை நாம் ஏற்கமாட்டோம். முதலில் சட்டப்படி இணைப்பு கொடு, மீட்டர் வை, பில் கொடு, நாங்கள் கட்டுகிறோம். இடைத்தரகனுக்குக் கொடுப்பதைவிட மாநகராட்சிக்குக் கட்டுவது நமக்கு எத்தனையோ மடங்கு மலிவு. அதன்பின் திருட்டைப் பிடி.

தான்சாக் குழாய்ப் பாதையில் குடியிருந்தவர்களுக்கு நேர்ந்ததை மறக்கலாமா? குழாயின் பாதுகாப்பு என்று நீதிமன்ற ஆணையின்பேரில் குடிசைகள் அகற்றப்பட்டன. குழாயைக் காக்க வேண்டியதுதான். அதில் இரு கருத்தில்லை. ஆனால் எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? எண்ணெய் ஆலைகளின் மூச்சுக்காற்றில், மாகுலில். அந்தப் பகுதிக் காற்று மக்கள் உடல்நலத்துக்குக் கேடு என்று 2015லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது. மாகுலில் வாழ யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. நகரத்தின் தண்ணீர்க் குழாயைக் காப்பாற்றிய செலவு, சில ஏழைக் குடும்பங்களின் நுரையீரலில் எழுதப்பட்டது. எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் அந்தத் தொகை இல்லை.

மலபார் ஹில்லும் ஓகதேயும்

பணமும் சுற்றுச்சூழலும் எப்படி நிறுக்கப்படுகின்றன என்பதற்கு இந்நகரிலேயே ஒரு சான்று உண்டு. மலபார் ஹில்லில், தொங்கும் தோட்டத்துக்கு அடியில், வெள்ளையர் காலத்து நீர்த்தொட்டி ஒன்று இருக்கிறது. அதை இடித்துப் புதிதாகக் கட்ட ஏறத்தாழ 700 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். நானூறுக்குச் சற்றுக் குறைவான மரங்களைத் தொட வேண்டியிருந்தது. அப்பகுதி மக்கள் எழுந்தார்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களும் குடிமக்களும் அடங்கிய குழு அமைந்தது. இடிக்க வேண்டுமா, பழுது பார்த்தால் போதாதா என்ற கேள்வி முறையாக ஆராயப்பட்டது. இடிக்கும் திட்டம் நின்றது.

இதை நாம் பாராட்டுகிறோம். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: புதிதாகக் கட்டுமுன், இருப்பதைப் பழுது பார்க்க முடியாதா? நாம் கேட்பதெல்லாம், மலபார் ஹில்லின் நானூறு மரத்துக்குக் கிடைத்த அதே மரியாதை, ஓகதேயின் லட்சக்கணக்கான மரத்துக்கும் ஏன் இல்லை என்பதே. அங்கே பங்களாக்காரர் நடைப்பயிற்சி செய்கிறார். இங்கே ஆதிவாசி அடுப்பெரிக்கிறான். மரத்தின் மதிப்பு அதன் நிழலில் நிற்பவனைப் பொறுத்ததா?

நம் வாசலில் ஓர் ஆறு

தாராவிக்காரர்களுக்கு மித்தி ஆற்றை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2005 ஜூலை 26ஆம் நாள், சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அது நம் வீட்டுக்குள் வந்து போயிற்று. அந்த ஆறு எங்கே தொடங்குகிறது? விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரில். காட்டில் பளிங்காகப் பிறந்து, நம் வாசலுக்கு வரும்போது சாக்கடை. இந்நகரம் நீரை எப்படி நடத்துகிறது என்பதன் முழு வரலாறும் அந்தப் பதினேழு பதினெட்டு கிலோமீட்டரில் இருக்கிறது.

மாநகராட்சி ஏழு இடங்களில் புதிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்ட முனைந்திருக்கிறது. ஏழும் சேர்ந்து நாளொன்றுக்கு 246 கோடி லிட்டர். அதில் தாராவி நிலையம் மட்டும் 41.8 கோடி லிட்டர். இந்த எண்ணைக் கார்கையின் 44 கோடியோடு வைத்துப் பாருங்கள். நம் தாராவியின் பக்கத்தில் ஒரு கார்கை ஆறு, கறுப்பாக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது!

அந்த நீரைக் குடியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆலைக்கும், கட்டட வேலைக்கும், இரயில் பெட்டி கழுவவும், பூங்காவுக்கும், பெரிய கட்டடங்களின் கழிப்பறைக்கும் அதைக் கொடுத்தால், அங்கெல்லாம் இன்று போகும் நல்ல நீர் குழாயடிக்குத் திரும்பும். சென்னையில் 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்தப்படுத்தித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்தன. அங்கே முடிந்தது இங்கே முடியாதா? இதற்கும் செலவு உண்டு, மின்சாரமும் உண்டு. ஆனால் கடலுப்பைப் பிரிப்பதைவிடக் குறைவு. ஆறும் கடலும் அசுத்தமாவது குறையும் என்பது அதற்குமேல் வரும் ஊதியம்.

நம் பக்கத்துப் பிழை

ஊருக்கு உபதேசம் சொல்லுமுன் நம் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுபவன் நம்மவனும்தான். அவன் உறிஞ்சும்போது அடுத்த வீட்டுக் கிழவியின் குழாய் காற்று வாங்குகிறது. குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிச் சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்படுகிறது. சாக்கடை வழியாக ரப்பர் குழாயைக் கிடத்தி, அது விரிசல் விட்டாலும் துணி சுற்றிவிட்டுப் போகிறோம். பின்னர் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்தால் தலையெழுத்து என்கிறோம். தெருவில் டேங்கர் விற்பவன் நம் சாதிக்காரன், நம் ஊர்க்காரன் என்று வாய்மூடி இருக்கிறோம். இவை நம் கையில் உள்ளவை. இவற்றுக்கு அரசாணை தேவையில்லை; சந்துக்கு நாலு பேர் கூடினால் போதும்.

நாம் கேட்பது

செலவையும் சுற்றுச்சூழலையும் எதிரெதிர்த் தட்டில் வைத்து நிறுக்கும் தராசே கோணலானது என்பது நம் கருத்து. எந்தத் திட்டத்தையும் நான்கு கேள்விகளால் நாம் அளப்போம்: கட்ட எவ்வளவு? ஐம்பதாண்டு ஓட்ட எவ்வளவு? இழப்பவர் யார்? பெறுபவர் யார்? கடைசி இரண்டுக்கும் விடை சொல்லாத திட்டத்துக்கு நம் பெயரைப் பயன்படுத்த வேண்டாம்.

இந்த அளவுகோலின்படி நம் சங்கம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. 2014 தீர்ப்பின்படியும் 2022 கொள்கையின்படியும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் தேதி கேட்காமல் இணைப்பு. இணைப்பு கொடுக்குமுன் வெட்டும் வேலை கூடாது.

2. வார்டுவாரியாக எவ்வளவு நீர் போகிறது, எத்தனை மணி நேரம் வருகிறது, எவ்வளவு கணக்கில் வரவில்லை என்பதை மாதந்தோறும் மராத்தியிலும் அந்தந்த வார்டு மக்களின் மொழியிலும் வெளியிட வேண்டும்.

3. சாக்கடைக்குள் கிடக்கும் குழாய்களை மாற்றும் வேலை, எந்தப் புதிய அணைக்கும் முன்னதாக நிதி பெற வேண்டும்.

4. சுத்திகரித்த கழிவுநீரை வாங்கக்கூடிய ஆலைகளும் பெரிய கட்டுமானங்களும் அதையே வாங்க வேண்டும் என்ற கட்டாயம். தாராவி மறுகட்டுமானத்தில் கழிப்பறைக்கு வேறு குழாய், குடிநீருக்கு வேறு குழாய், மழைநீர்த் தொட்டி ஆகியவை வரைபடத்திலேயே இருக்க வேண்டும். தகுதியில்லை என்று வெளியே அனுப்பப்படுவோருக்கு, வீட்டுக்கு முன் தண்ணீர் வந்திருக்க வேண்டும்.

5. மனோரி ஆலையை வறட்சிக்கால அரணாகக் கொள்ளலாம். அதன் ஓட்டுச் செலவைக் குழாயடி ஏழையின் பில்லில் ஏற்றக் கூடாது. ஒன்பது குடத்துக்கு மேல் செலவழிப்பவர் தாங்கட்டும். கோலி மீனவரின் ஒப்புதல் வேண்டும்.

6. கார்கை கடைசி வழியாக இருக்கட்டும். மேற்சொன்னவற்றைச் செய்தபின்னும் போதாது என்று கணக்கு காட்டினால், 1996 பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படியும் 2006 வன உரிமைச் சட்டத்தின்படியும் கிராம சபை அச்சமின்றிக் கூடி முடிவு சொல்லட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சம்மதித்தால், நிலத்துக்கு நிலம், மதகு மூடுமுன் வீடு, முதல் குழாய் அவர்கள் ஊருக்கு.

இவற்றில் எதுவும் தானாக வராது. 2022 மார்ச்சில் மாநகர மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இன்றி, ஆண்டுக்கணக்கில் அதிகாரி ஒருவர் கையிலேயே இந்நகரம் இருந்ததை நாம் கண்டோம். பல்லாயிரம் கோடிக்கு ஒப்பந்தங்கள் போடப்பட்ட காலமும் அதுதான். வாக்குக் கேட்டு வருபவரிடம் இனி "எங்கள் சந்துக்குத் தண்ணீர் கொடு" என்று மட்டும் கேட்டு நிற்கக் கூடாது. "எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறாய்?" என்றும் கேட்க வேண்டும்.

தோழர்களே, தாய்மார்களே! உங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பில், விண்ணப்பம் நிராகரித்த கடிதம், நீர் வரும் நேரம், இடைத்தரகனுக்குக் கொடுக்கும் மாதத்தொகை ஆகியவற்றைக் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் படிப்பகத்துப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். சந்து சந்தாக நாம் சேர்க்கும் அந்தக் கணக்கே வார்டு அலுவலகத்தில் நம் ஆயுதம். மராத்திய உழைப்பாளியும், உ.பி. சகோதரனும், கோலி மீனவனும், மலைச்சரிவின் வார்லியும் இதில் நம்மோடு நிற்க வேண்டியவர்கள். குழாயடியில் மொழி கேட்டு நீர் வருவதில்லை.

நமக்குக் குடம் நிரம்ப வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் அந்தக் குடத்தில் இன்னொரு ஏழையின் ஊர் மூழ்கிக் கிடக்கக் கூடாது. இரண்டும் இந்நகரத்தால் முடியும்; கணக்கு அப்படித்தான் சொல்கிறது. முடியாது என்பவர்கள், முதலில் ஓட்டையை அடைத்துவிட்டு வந்து பேசட்டும்.